பதினான்காவது அம்பு

சனிக்கிழமை, இன்னும் இருட்டு.
பூண்டுலோயாவில் ஒரு பஸ், தவலந்தென்னையில் மாறி ஒன்று,
கம்பளையிலிருந்து கண்டிவரை
கம்பியைப் பிடித்தபடி மூன்றாவது.
முதுமாணி, இரண்டாம் அரையாண்டு,
உள்ளூர்ப் பொருளாதார அபிவிருத்தி.
மற்ற நாட்களில் பிரதேச சபையில்
தெருவிளக்குக் கோப்பும் சந்தை வரியும் என் மேசையில்.

கலாநிதி இந்தீவரி
பலகையில் ஒரு வாளி வரைந்தார்.
மேலிருந்து விழுவது காசு. பக்கமெல்லாம் ஓட்டை.
"இன்னும் ஊற்றுவது எப்படி என்றுதான்
எல்லாரும் திட்டம் போடுகிறார்கள்.
எங்கே ஒழுகுகிறது என்று
நீங்கள் பார்த்து வாருங்கள்.
சம்பள நாளில் போங்கள்."

ஒப்படைக்கு மூன்று பேர்.
வங்கியில் கடன் பகுதி ஸுமையா.
பிரதேச செயலகத்துப் புத்திக்க:
தமிழில் வினைச்சொல்லை விட்டுவிடுவான்,
கூட்டலில் ஒரு சதம் விடமாட்டான்.
மூன்றாவது நான்.

பத்தாம் திகதி, மழைத் தூறல்,
ஈரமான வினாக்கொத்து.
அடகு வட்டி போனது கொழும்புக்கு.
ரீலோட் கொழும்புக்கு.
கோதுமை மா கொழும்பையும் தாண்டி.
கிழமைக் கடன் வசூலிப்பவன்
தலைக்கவசத்தைக் கழற்றாமலே
நாற்பது பேரிடம் வாங்கிப் போனான்.
மேட்டில் விளைந்த போஞ்சி
தம்புள்ளைக்குப் போய் ஓரிரவு தங்கி,
விலையேறித் திரும்பி வந்து
அதே தெருவில் சாக்கில் கிடந்தது.
"எங்களைவிட இந்தப் போஞ்சி
நிறைய பயணம்" என்றான் புத்திக்க.

மாலைக்குள் பதின்மூன்று அம்புகள்.
ஒன்றுகூட உள்நோக்கி இல்லை.

பஸ் நிலையத்து மூலையில்
யோகட் விற்கும் ரட்ணஜோதி.
இரண்டு மாடு, கிழமைக்கு நூற்றிருபது கப்,
குளிர்பெட்டி இல்லாததால்
வெயில் நாளில் எண்பது.
ஏழாம் கேள்வி: தொழில் நடைபெறும் முகவரி.
"பதினோராம் லயம், நாலாம் காம்பரா.
இது முகவரி இல்லன்னு
பேங்க்ல படிவத்தத் திருப்பிட்டாங்க.
நீங்க எழுதுவீங்களா?"
எழுதினேன்.
ஸுமையா குடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கேள்வி முடிந்தது. அவள் தொடங்கினாள்.
"இந்தப் படிப்புக்கு எவ்வளவு?"
இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம்.
"யார் கட்டுறா?"
பாதி நான். பாதி சபை.
"சபைக்கு ஏது காசு?"

எனக்குத் தெரியும்.
அந்தக் கோப்பு என் மேசையில்தான்.
தினமும் காலையில் அவளிடமிருந்து
ஐம்பது ரூபாய், மஞ்சள் துண்டுச் சீட்டு.

"அப்ப என் காசும்
உங்களோட பஸ் ஏறிக் கண்டிக்குப் போகுது"
என்று சொல்லி
யாருக்கோ மிச்சம் எண்ணத் தொடங்கினாள்.
கோபமில்லை. கணக்குதான்.

அன்றிரவு படத்தில்
பதினான்காவது அம்பை வரைந்தேன்.
வேண்டாம், புள்ளி குறையும் என்றாள் ஸுமையா.
புத்திக்க அளவுகோல் வைத்துக்
கோட்டைக் கொஞ்சம் தடிப்பாக்கினான்.

ஒப்படை திரும்பி வந்தது. அறுபத்து நான்கு.
வாளியை நன்றாக விளங்கியிருக்கிறோமாம்.
ஸுமையா தன் கிளைக்கு
ஏழாம் கேள்வியைப் பற்றிக் கடிதம் எழுதினாள்,
ஐந்து கிழமையாகிறது.
ரட்ணஜோதி சீட்டொன்றில் சேர்ந்திருக்கிறாள்,
குளிர்பெட்டிக்கு. ஒன்பதாவது ஆள்.
மஞ்சள் துண்டு இன்னும் தினமும் கிழிகிறது.
வரியைக் குறைக்கச் சபையில் கேட்கலாமா,
கேட்டால் என் மூன்றாம் தவணை என்னாகும்
என்று கம்பளை பஸ்ஸில் நின்றபடி யோசிக்கிறேன்.
இறங்கும்வரை யோசனை மட்டும்.

படத்தின் ஓரத்தில்
சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது:
அம்பு பதினான்கிற்கு ஆதாரம் என்ன?

கட்டணப் பற்றுச்சீட்டைப்
பிரதியெடுத்து இணைத்தேன்.
மஞ்சள் துண்டொன்றையும்.