வலப்பக்க அறை

மூன்று தாள்களையும்
குக்கரை நகர்த்திய தரையில் பரப்பினோம்.

பெரிய கப்பலுக்குப் பதினெட்டு மாடி.
"நம்ம பிளாக்குக்கு நாலு, லிஃப்டும் கிடையாது"
என்றாள் டெல்ஃபின்.
அடுத்ததில் சறுக்குமரம் ஏழு.
இன்பன் அந்தத் தாள்மேல் படுத்தேவிட்டான்.
மூன்றாவது சின்னது, பழசு;
விலை மட்டும் கொஞ்சம் எங்களைப் பார்க்கிறது.

எதிலுமே ஜன்னலில்லாத அறைதான் மலிவு.
"அதுக்கு எதுக்குக் கடல்?
கதவைச் சாத்திட்டு இங்கேயே படுக்கலாம்."

துறைமுகத்தில் வடம் கட்டுகிறவன் நான்.
எந்தக் கப்பலிலும் ஏறிப் போனதில்லை,
அவிழ்த்து விட்டிருக்கிறேன்.

"அங்கேருந்து காசிமேடு தெரியுமாப்பா?"

தெற்கே திரும்பும்போது தெரியும்,
வலப்பக்கம், பின்னால்.
சின்னதில் அப்படி ஓர் அறை இருக்கிறது.

டெல்ஃபின் சீட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.
எண்ணினோம்.
இன்பன் இன்னும்
சறுக்குமரத்தை விட்டு எழவில்லை.