நூல் கட்டாத குண்டூசி

பள்ளி நடைவழியில் ஒரு வரைபடம்.
யார் எந்தக் கல்லூரிக்குப் போகிறார்களோ
அங்கே ஒரு குண்டூசி,
அதிலிருந்து எங்கள் ஊர்வரை ஒரு சிவப்பு நூல்.
அட்லாண்டாவுக்கு மூன்று, பாஸ்டனுக்கு ஒன்று.
ஓரிகனுக்குப் போகும் ப்ரென்னனின் நூல்
தேசத்தையே குறுக்கே கீறிக்கொண்டு போகிறது.

என் முறை வந்தபோது
திருமதி கோவால்ச்சிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வரைபடத்தருகே குனிந்தார்.
ஊருக்கென்று ஏற்கெனவே ஒரு பச்சைக் குண்டூசி.
என்னுடையதைக் குத்த இடமில்லை.
"இதையே உன்னுடையதென்று வைத்துக்கொள்வோமே, யாரிட்ஸா"
என்றார். குரலில்
துக்கம் கேட்க வந்தவரின் மென்மை.

யாரும் சாகவில்லை.

பாஸ்டனிலிருந்து எனக்கும் கடிதம் வந்தது.
கனமான தாள், புடைத்த முத்திரை.
தம்பி இஸ்மயேல் கண்ணை மூடிக்கொண்டு
அதை விரலால் தடவித் தடவிப் படித்தான்.
இரண்டாம் பக்கத்தில் எண்கள்:
உதவித்தொகை போக, கடன் போக,
கோடை முழுக்க நான் ஐஸ்கிரீம் கடையில் நின்றது போக
மிச்சம் பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
வருஷத்துக்கு.
அம்மா கால்குலேட்டரை எடுத்து
அந்தத் தாளின் மேல் வைத்தாள்,
காற்றில் பறந்துவிடாமல் இருக்க.
கணக்குப் போடவில்லை.

"வீட்டை அடகு வைக்கலாம்" என்றார் அப்பா.
வீடு ஏற்கெனவே அடகில் இருப்பது
மூவருக்கும் தெரியும்.

ஆனால் பணத்தால் மட்டும்தான் என்று
நீங்கள் முடிவுகட்டினால் எனக்குக் கோபம் வரும்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய், வகுப்பைக் கட்டடித்துவிட்டு
ஒன்பதாம் எண் பேருந்தில் ஏறினேன்.
மூடிய இரும்பாலை, சலவைக்கடை,
மறுபடியும் அதே இரும்பாலை
(அவ்வளவு நீளம் அது),
பதினோராவது நிறுத்தத்தில் அரசுக் கல்லூரி.
கோபுரம் இல்லை. கொடி படர்ந்த சுவர் இல்லை.
கார் நிறுத்துமிடம் மட்டும் ஒரு கடல்.
உள்ளே ஓர் ஆய்வகத்தில்,
இரவுப்பணி முடித்து செவிலிச் சீருடையோடே வந்த ஒருத்தி
ஈரி ஏரியின் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் ஏற்றி
"வா, பார்" என்றாள்,
நான் யாரென்று கேட்காமலே.
பாசி. மணி மணியாகக் கோத்த பச்சை.
ஆகஸ்டு வந்தால் எங்கள் குழாய்த்தண்ணீரை
அம்மா முகர்ந்து பார்த்துவிட்டே
கோப்பையில் ஊற்றுவாளே, அதற்குக் காரணமான பாசி.
மூன்று பேருந்துகளைத் தவறவிட்டேன்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள்.
இந்த ஏரிக்கு அக்கரை கண்ணுக்கே தெரியாது.
இக்கரைதான் பச்சை. அதுதான் சிக்கல்.
அதைத்தான் படிக்கப் போகிறேன்.

ஜூனில் வரைபடத்தை இறக்கினார்கள்.
நூல்களைச் சுருட்டிக் குப்பையில் போட்டார்கள்.
பச்சைக் குண்டூசியை மட்டும் திருமதி கோவால்ச்சிக்
அடுத்த வருஷத்துக்கென்று எடுத்துவைத்தார்.

செப்டம்பரில் ப்ரென்னன் ஒரு படம் அனுப்பினான்:
மூடுபனி,
ஆறு பேர் கைகோத்தாலும் அடங்காத தேவதாரு.
பொய் சொல்ல மாட்டேன்.
அன்றிரவு ஒரே தட்டை
வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஜனவரி. ஏரி அனுப்பும் பனி முழங்கால்வரை.
ஏழரைக்குப் பேருந்திலிருந்து இறங்கினால்
கல்லூரி வாசல் ஏற்கெனவே வழித்துக் கிடக்கிறது,
இடது ஓரத்தில் மட்டும்
கோணலாக ஒரு பனிவரப்பு.
அலகு வளைந்த வண்டி ஊரிலேயே ஒன்றுதான்,
நகராட்சி எண் பதினான்கு.
அதை ஓட்டுகிறவர்
நான் எழும் நேரத்துக்குத் தூங்கப்போகிறவர்.
"ராத்திரி எந்தப் பக்கம் வேலை?" என்று கேட்டால்
"எல்லாப் பக்கமும்தான், மிஹா" என்று
போர்வைக்குள்ளிருந்து சொல்கிறவர்.

வரப்பைத் தாண்டிக் காலை வைக்கிறேன்.
ஒரு பூட்ஸ் புதைகிறது.
பையில் மாதிரிக் குப்பிகள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன.
எட்டு மணிக்கு வகுப்பு.