வானத்தைக் கழித்த பிறகு

எல்க்கிப் பள்ளத்தாக்கிலிருந்து நிபால்டோ அராயா
முகப்பு விளக்கை அணைத்துவிட்டு
லாரியை ஏற்றிக்கொண்டு வருகிறான்.
ரொட்டி, டீசல், ஒரு மூட்டை வெங்காயம்.
வளைவுகள் அவனுக்கு மனப்பாடம்.
இந்த மலையில் வெளிச்சம்தான் தூசி.

ஹிமேனா கொல்க்கே ஒன்பது இரவாகப் பார்த்துக்கொண்டிருப்பது
இருளைவிட மங்கலான ஒன்றை.
இருளுக்கும் சொந்தமாய் ஒரு பச்சை மினுக்கம் உண்டு,
உயரத்தில் காற்று தானே கசியவிடும் ஒளி.
அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாமல்
ஒரு விண்மீன் திரள்
ஆறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால்
இருந்துகொண்டிருக்கிறது.

நிரலுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்:
வானத்தை அள. கழித்துவிடு. மிச்சத்தைக் காட்டு.
சொன்னதைச் செய்தது.
பரந்து மங்கிய எதையும் வானம் என்றே எண்ணி
வழித்து வெளியே கொட்டியது.
ஆறு வருடம்.

போன மாதம் ஹிமேனா
கழித்ததையெல்லாம் திரும்ப எடுத்துக் கூட்டினாள்,
முந்நூறு இரவுகளின் குப்பை
ஒன்றின்மேல் ஒன்றாய்.
ஓரத்தில், காப்பிக் கோப்பை வைத்தெடுத்ததுபோல்
ஒரு கறை.
திரையைத் துடைத்தேன்.
என் கண்ணாடியைத் துடைத்தேன்.
போகவில்லை.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று
பளிச்சென்ற பருக்கையை மட்டும் நசுக்கிப் பார்த்துவிட்டு
பிரபஞ்சம் வெந்துவிட்டது என்றவர்கள் நாங்கள்.
கோட்பாடு கேட்ட சிறு திரள்கள்
கணக்கில் குறைந்தபோது
கோட்பாட்டைச் சந்தேகித்தோம், இயற்பியலைச் சந்தேகித்தோம்;
கரண்டியைச் சந்தேகிக்கவில்லை.

இன்றைக்கு வேகங்கள் வந்துவிட்டன.
கறையைச் சுற்றும் பதினொரு விண்மீன் கொத்துகள்.
இந்த ஓட்டத்துக்கு அவை
எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும்.
கட்டிவைத்திருப்பதன் எடை
ஒளிர்வதைப்போல் நூறு மடங்கு.
"விண்மீன்கள் வாடகைக்கு இருப்பவை," என்றாள் ஹிமேனா,
"வீட்டுக்காரர் இன்னும் கதவு திறக்கவில்லை."
சிரிக்கவில்லை. தூங்கி இரண்டு நாள்.

லாரி நின்றது.
ரொட்டிப் பையோடு நிபால்டோ உள்ளே வந்து
எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
"இதற்காகவா என் விளக்கை அணைக்கிறீர்கள்?"
ஆமாம்.
"எங்கே, ஒன்றும் இல்லையே?"

பிறகு தலையைச் சற்றுத் திருப்பி
திரைக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தான்.
"இருக்கிறது.
சாலையின் விளிம்பையும் இப்படித்தான் பிடிப்பேன்.
நேரே முறைத்தால் ஓடிவிடும்."

வெங்காய மூட்டையை இறக்கப் போனான்.
நாங்கள் இருவரும்
சுவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.