ஒத்தி

களுவாஞ்சிக்குடி மெயின் வீதியில்
டயர்க் கடைக்கு மேல் எங்கள் வானொலி.
ஒரு மேசை, ஒரு மைக், சுவர் முழுக்க முட்டைத் தட்டு.
லண்டன் தமிழருக்கு லண்டன் செய்தியை
இங்கிருந்து வாசிக்கிறேன்.
ஒரு செய்தியறிக்கைக்கு மூன்று பவுண்.
பவுண் விழுந்தால் அந்தக் கிழமை
பால்மா சின்னப் பைக்கற்.

இரவு பதினொன்று.
அங்கே இன்னும் பொழுது படவில்லை.
சபாநாயகர் ‘ஓடர், ஓடர்’ என்று தொண்டை கிழியக் கத்துகிறார்.
கீழே கொத்துக் கடையிலும் அதே சத்தம்.
அங்கே ஒருவரும் அமரவில்லை,
இங்கே ரெண்டு முட்டைக் கொத்து வந்து சேர்ந்தது.

சட்டமூலம், மூன்றாம் வாசிப்பு.
உடன்பாடில்லாமல் வெளியேற ஏலாது,
உடன்பாடும் வராவிட்டால் பிரதமர் கடிதம் எழுத வேண்டும்:
தவணை தாருங்கள், தை முப்பத்தொன்று மட்டும்.
‘வெளியேற்றம்’ என்று எழுதி வெட்டினேன்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்
தலையில் பாயைச் சுமந்துகொண்டு போகும்.
‘வெளியேறல்’ என்று மாற்றினேன்.
இது தாமாகப் போகிறவர்களின் சொல்,
கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
மூன்று வருசமாகச் செருப்புத் தேடுகிறவர்களின் சொல்.

அடுத்த வரி:
சபையை ஐந்து கிழமைக்கு ஒத்திவைக்கிறார்கள்.
ஒத்தி.
விரல் அங்கேயே நின்றுவிட்டது.

வெல்லாவெளியில் எனக்கு ரெண்டு ஏக்கர்.
பூபாலபிள்ளைப் போடியாரிடம் ஒத்தி.
அவர் விதைப்பார், அவர் வெட்டுவார்,
காசு திரும்பும் நாளில் காணி திரும்பும்.
போன கிழமை ஆரம்பக் கூட்டம்.
விதைப்பு எப்போது, எந்த நெல்,
வயலை விட்டு மாடு வெளியேறும் கடைசித் தேதி எது.
மேல்கண்டத்தார் எழும்பினால் கீழ்க்கண்டத்தார் இருத்தினார்கள்.
மாட்டுக்காரர் தவணை கேட்டார்கள்.
எஞ்சினியர் ஃபைலை மூடி மூடித் திறந்தார்.
கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன்.
“ஒத்திக்குக் குடுத்த ஆக்களுக்குக் கை இல்ல கா.”
வட்டவிதானை பகிடியாகத்தான் சொன்னார்.
தூக்கிய கையால் கொண்டையைச் சரிசெய்தேன்.

இரவு ரெண்டு மணி.
முன்கூட்டியே தேர்தல் கேட்டு வாக்கெடுப்பு.
ஆம், இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு.
இல்லை, ஐம்பத்தாறு.
‘ஆம்’ தோற்றது என்று வாசித்தேன்.
உடனே ஹரோவிலிருந்து ஒரு அழைப்பு:
“தங்கச்சி, கணக்குப் பிழைச்சுப் போச்சு.”
இல்லை அண்ணா, மூன்றில் ரெண்டு பங்கு வேணும்,
மிச்சப் பேர் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.
“தேர்தல வை, தேர்தல வை எண்டு கத்தின ஆக்களெல்லோ?”
ஓம், அவர்களேதான்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
“அப்ப நம்மட ஊர் மாதிரித்தான்.”
குரலில் ஒரு நிம்மதி.
போன கார்த்திகையில் நம்மட சபையில்
கதிரையும் மிளகாய்த்தூளும் பறந்ததை
நான்தான் அவருக்கு வாசித்தேன்.
அப்போது வெட்கப்பட்டவர் இவர்.

விடியக் கிட்ட மைக்கை மூடிவிட்டு
போடியாருக்கு வாட்ஸ்அப் எழுதினேன்.
புரட்டாதிக்குள் மீட்பதாகச் சொல்லியிருந்தேன்,
பவுண் இப்படி விழுமென்று தெரியாது,
தை மட்டும் தவணை தாருங்கள்.
ரெண்டு முறை எழுதி அழித்தேன்.
மூன்றாம் வாசிப்பில் நிறைவேறியது.

ஏழு மணிக்குக் குரல் பதிவு வந்தது.
பின்னால் உழவு மெசின் இரைகிறது.
“தவணை தரலாம் புள்ள.
என்னத்துக்குத் தவணை எண்டு சொல்லு.”

அன்றிரவு முதல் செய்தி பிரசல்ஸிலிருந்து.
அவர்களும் அதைத்தான் கேட்டிருந்தார்கள்.
மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை.
போடியார் சொன்னதை அப்படியே தட்டினேன்,
‘புள்ள’யை மட்டும் எடுத்துவிட்டு.