வெற்று எடை

பந்திங்கில் ஐஸ் என்றால்
தே ஓ கிளாஸில் மிதப்பது,
மீன் லோரியின் வாலில் சொட்டிக்கொண்டே போவது.
அதன்மேல் நான் ஆடுகிறேன் என்றால்
லோரிக்கார அரிகிருஷ்ணன் நம்பமாட்டார்.
சொல்லவும் இல்லை.

மாதத்தில் இரண்டு ஞாயிறு.
ஹோண்டா கப்பில் டிங்கில் சாலை.
இருபுறமும் செம்பனை, அப்புறமும் செம்பனை,
திடீரென்று ஒரு பேரங்காடி.
முதுகுப் பையில் கத்தி வைத்த காலணிகள்.
கொதிக்கிற வெயிலில் கழுத்துவரை கம்பளிச் சட்டை.
சிக்னலில் பக்கத்தில் நிற்பவன்
காய்ச்சல் என்று நினைத்துக்கொள்வான்.

பயிற்சி தரும் மெய் தெங்குக்கு இருபத்து மூன்று.
ஆன்ட்டி என்று தொடங்கி
சிவநேஸ்வரி என்று திருத்திக்கொள்வாள்,
அதற்குள் பாட்டில் எட்டு எண்ணிக்கை போய்விடும்.
டச் வால்ட்ஸ் இருவர் ஆட்டம்.
"பார்ட்னர்?" என்றாள் முதல் நாள்.
மண்டபத்தில் மொய் எழுதுகிறவர்
"வீட்டுக்காரர் பெயர்?" என்று
பேனாவைத் தூக்கிப் பிடிப்பாரே, அப்படி இல்லை.
படிவத்தில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.
இல்லை என்றேன்.
"சரி, இடது கையை நீட்டுங்கள்,
பக்கத்தில் நிற்பவர் மார்புக்குக் குறுக்கே."

எவ்வளவு உயரம் என்று அவள் சொல்லவில்லை.
ஐந்தடி ஒன்பது என்று நானே வைத்தேன்.
இரண்டாம் வாரம் தோள் விண்ணென்று தெறித்தது.
ஐந்தடி ஐந்தாகக் குறைத்துவிட்டேன்.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று இரண்டு மூன்று, வெளி விளிம்பு.
ஒன்று இரண்டு மூன்று, உள் விளிம்பு.
கத்தி ஒன்று, விளிம்பு இரண்டு.
இரண்டிலும் நின்றால் வளைவு வராது.
இதை என் இடுப்புக்குப் புரியவைக்க
ஓராண்டும் நானூறு வெள்ளிக்கு மேல் தைலமும் ஆயின.

போன ஞாயிறு பள்ளி விடுமுறைக் கூட்டம்.
வாடகைக் காலணியில் ஓர் ஆள்,
இரண்டு கையும் காற்றாடியாக,
எங்கிருந்தோ வழுக்கிவந்து
நீட்டியிருந்த என் இடது கையைப் பிடித்தார்.
நான்கு எண்ணிக்கை நாங்கள் சேர்ந்து போனோம்.
எழுபத்தெட்டு கிலோ என்றது என் மணிக்கட்டு.
தினம் தராசோடு கிடக்கிற கை, தப்பாது.
"சோரி, சோரி" என்று சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார்.
எனக்கு எரிச்சல்தான் வந்தது.
வேறு எதுவும் வந்ததா என்று
வண்டியில் வரும்போது தேடியும் பார்த்தேன்.
முடிக்காமல் விட்ட அந்த வளைவின் மிச்சம்
ராத்திரி முழுக்கக் காலில் துடித்தது.

செவ்வாய் இரவு வேலை, ஆலை வாசல்.
நிறைந்து வரும் லோரியை நிறுத்தி எழுதுவேன்,
காலியாகத் திரும்பும்போது மறுபடி எழுதுவேன்,
கழித்தால் வருவது குலை.
பதினாறு வருடமாக இந்தக் கணக்கு.
முழங்கால் வீக்கத்தைப் பார்த்து அரிகிருஷ்ணன்
"என்னம்மா ஆச்சு?" என்றார்.
ஐஸில் விழுந்தேன் என்றேன்.
"மீன் கடையிலயா?"
ஆமாம் என்றுவிட்டேன்.

பதினொன்றரைக்கு மழை விட்டது.
அடுத்த லோரி பாலத்தடியில் டயர் மாற்றுகிறது என்று போன்.
எடைமேடை நீளமான இரும்புத் தகடு,
ஈரத்தில் விளக்கொளி வழுக்குகிறது.
ஜப்பான் சிலிப்பரோடு ஏறினேன்.
கூண்டின் சன்னலில் சிவப்பு எண்கள்:
அறுபது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.

இடது கையை நீட்டினேன்.
ஞாயிறு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.
முழங்கால் தழைந்தபோது ஐம்பது.
உந்தி எழுந்தபோது எழுபது.
மறுபடி அறுபது, மறுபடி எழுபது.
நின்ற இடத்தில் நின்றால் காட்டாத பத்து கிலோவை
எழும்போதெல்லாம் எழுதிக்காட்டியது இயந்திரம்.
கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

கடைசி வளைவு முடிவதற்குள்
திருப்பத்தில் லோரி வெளிச்சம்.
முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.
அரை நிமிடம் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும்.