அறிவிப்பவர் ஒன்று

ஏப்ரலில் வரித்துறையின் இணையம் திறக்கும் அன்றிரவே
கணக்கை முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார் அவர்.
ரீயூனியன் தீவுக்கு ஜூன் தொடக்கம்வரை கெடு உண்டு,
என்ன அவசரம் என்று கேட்கிறவள் நான்.
“வெட்டு தொடங்கிவிட்டால்
தும்மக்கூட நேரமிருக்காது, மர்லேன்.”
கரும்பு வெட்டு, ஜூலையிலிருந்து டிசம்பர்வரை.
ஆலை வாசல் எடைமேடையில் இருபத்தாறு வருடம்.
நிறைந்து வரும் லாரியை ஒருதரம்,
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரியை மறுதரம்.
கழித்தால் வருவது கரும்பு,
அவ்வளவுதான் என் வேலை என்பார்.

இந்த வருடம் ஏப்ரல் போயிற்று.
மே முக்கால்வாசி போயிற்று.
சென்-ஆந்த்ரேயில் மழை விட்டுக் காற்று குளிர்ந்து
கரும்பு ஆளுயரம் தாண்டி நின்றது.
நான் பிஸ்கட் டின்னைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.
அதில் அவர் சம்பளச் சீட்டுகள், மாதவாரியாக,
ஒன்பதோடு நின்றன.

துலூஸிலிருந்து மகள் கேட்டாள்:
“மம்மா, கெடு தாண்டினால் பத்து சதவீதம் அபராதம், தெரியும்தானே?”
தெரியும்.
பிந்திப்போன மற்றவற்றுக்கும்
சதவீதம் தெரிந்தால் தேவலை.

வியாழக்கிழமை, பள்ளிச் சமையற்கூட மேலங்கியைக் கழற்றாமலே
நகராட்சிக்குப் பக்கத்து உதவி மேசைக்குப் போனேன்.
மதாம் ஓஆரோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்:
“உங்களுக்கு இரண்டு கணக்கு.
ஜனவரி ஒன்றிலிருந்து செப்டம்பர் பதினேழுவரை, இருவருக்கும் சேர்த்து.
அங்கிருந்து டிசம்பர் முப்பத்தொன்றுவரை, உங்களுக்கு மட்டும்.”
அந்த வருடம் இரண்டாகத் துண்டானது எனக்குத் தெரியும்.
சட்டமும் அதே இடத்தில்தான் கோடு போடுகிறது என்பது
ஏனோ ஆறுதலாக இருந்தது.

முதல் படிவம்.
அறிவிப்பவர் 1: அர்மூகோம், ரேமோன்.
ஆறுமுகம்தான். எந்தக் காலத்துக் கப்பல் குமாஸ்தாவின் காதிலோ நசுங்கியது.
அறிவிப்பவர் 2: நான்.
சம்பளம். வங்கி வட்டி நாற்பத்தொரு யூரோ.
“வேலைக்குப் போய்வந்த தூரத்தைக் கழிப்பாரா?”
கழிப்பார். நீல நோட்டை நீட்டினேன்.
போக பதினொன்று, வர பதினொன்று.
போக பதினொன்று, வர பதினொன்று.
வெள்ளம் பாலத்தை மூடிய பிப்ரவரி நாளில் மட்டும்
போக பத்தொன்பது, வர பத்தொன்பது,
ஓரத்தில் பொடி எழுத்தில்: சுற்றுவழி.
செப்டம்பர் பதினேழு:
போக பதினொன்று.
வர

மதாம் ஓஆரோவின் விரல் அங்கே நின்றது.
யாருடைய வரிசை எண்ணையோ யாரோ கூப்பிட்டார்கள்.
“இருபத்திரண்டு என்றே போட்டுவிடட்டுமா? ஒருவரும் கேட்கமாட்டார்கள்.”
வேண்டாம் என்றேன்.
எடைமேடைக்காரரின் கணக்கு இது.
அவரைத் திருப்பிக் கொண்டுவந்தது வேறு வண்டி,
அதன் தூரத்தைக் கழிக்க எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

இரண்டாம் படிவம்.
முப்பத்தோரு வருடம் இரண்டாவதாக நின்ற என் பெயர்
ஒன்றில் உட்கார்ந்திருந்தது,
எழுந்துபோனவரின் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்ததுபோல,
நுனியில்.
மூன்றரை மாதச் சம்பளம்.
தூரம்: பள்ளிக்கு நடந்தே போகிறேன். சுழியம்.

“அடுத்த ஏப்ரலிலிருந்து ஒரே படிவம்தான்” என்றாள்.
முதல் இரவே முடித்துவிடுவேன் என்று சொன்னேன்.
சொல்லத்தான் சொன்னேன்.

வீட்டுக்கு நேர்ப் பேருந்து நின்றிருந்தது.
ஆலை வழியாகச் சுற்றிப் போவதில் ஏறினேன்.
ஜூலைக்காக எடைமேடையைக் கழுவிக்கொண்டிருந்தான் ஒரு பையன்.
குழாயை மூடிவிட்டு,
மேலே ஒன்றுமில்லாதபோது முள் சுழியத்தில் நிற்கிறதா என்று
குனிந்து பார்த்தான்.
மடியில் இரண்டு ரசீதுகள்.
நான் கழித்துப் பார்க்கவில்லை.