இடது மேல், வலது கீழ்

ஜனவரி இரண்டாம் திங்கள் ஜப்பானில் விடுமுறை.
பெங்களூரில் இல்லை.
ஆகவே ஞாயிற்றுக்கிழமையே
பெரியவளாகிவிட்டாள் மிசுகி.

வைட்ஃபீல்டில் ஓர் ஓட்டலின் ஆறாம் மாடி.
கீழே, ஹோப் ஃபார்ம் சிக்னலில்,
சங்கராந்திக் கரும்பு ஏற்றிய டெம்போ
மெட்ரோத் தூணை உரசிக்கொண்டு நிற்கிறது.
நான் அவள் அப்பாவின் டாக்சி பில்களைச்
சரிபார்க்கிறவள். அவ்வளவுதான் உறவு.
அழைப்பிதழில் என் பெயர்
'புபானேஷுவாரி சான்'.
வ-வுக்கு அவர்கள் வாயில் இடமில்லை.

உடுத்தும் அறைக்குள் என்னையும் விட்டார்கள்.
இரண்டு பெண்கள், மிசுகியின் அம்மா கயோகோ,
தரையில் பதினோரு கயிறு.
ஒரு முடிச்சும் வெளியே தெரியக் கூடாதாம்.
இடுப்பு உள்வாங்கும் இடத்தில்
ஓட்டல் துண்டை மடித்து வைத்தார்கள்,
மார்புக்குக் கீழே இன்னொன்று,
முதுகுக் குழியில் மூன்றாவது.
வளைவு இருந்தால் பட்டு சுருங்குமாம்.
ஓர் உருளையாக நின்றாள் மிசுகி.
அதன் மேல்தான்
அந்தச் சிவப்பு, அந்த நாரைகள்,
கணுக்காலைத் தொடும் கைகள்.

கல்யாணமானால் கை குட்டையாகிவிடும்
என்றார் கயோகோ.
ஆகாமலே முப்பத்தாறு தாண்டினால்?
கேட்டுவிட்டேன்.
பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.
பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று,
சாம்பல் நிறத்தில்
குட்டைக் கை வைத்த ஒன்றை எடுத்து நீட்டினார்கள்.

என் குர்த்தாவுக்குள்ளும் துண்டு போனது.
நானே மடித்துப் போர்த்தினேன், வலது மேலாக.
மூன்று பேரும் ஒரே நேரத்தில் 'ஆ' என்றார்கள்.
அப்படி உடுத்துவது பிணத்துக்காம்.
கயோகோ பிரித்தார்,
இடதை மேலே கொண்டுவந்து நீவிவிட்டார்.
ஐந்து நொடி செத்திருந்தேன்.
பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கூடத்தில் மடக்கு நாற்காலிகள். மைக் ஒன்று கரகரத்தது.
அந்தக் கரகரப்பு எனக்குத் தெரியும்.

சாத்தூர். பதின்மூன்று வயது.
தெருமுனை வேப்பமரத்தில் ரேடியோ குழாய் கட்டி
என் உடம்பின் செய்தியை
நான்கு தெருவுக்குச் சொன்னார்கள்.
மாமா தங்கமாரியப்பன் முப்பத்தொரு தட்டு வைத்தார்.
கணக்கு வாத்தியார் வந்து
எவர்சில்வர் குடம் கொடுத்தார்.
திங்கட்கிழமை அவர் வகுப்பில்
எப்படி உட்காருவது என்று
குடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அன்று எனக்கு
யாரும் துண்டு வைக்கவில்லை.
மறைக்கவா விழா?

மிசுகி ஒரு தாளை விரித்தாள்.
ஜப்பானிய மொழி. எனக்குப் புரியவில்லை.
பக்கத்து நாற்காலிக்காரர் காதோரம் சொன்ன வரி:
'இன்றிலிருந்து என் தப்புகள் என்னுடையவை.'
கை தட்டினார்கள். நானும் தட்டினேன்,
கொஞ்சம் தாமதமாக.

ஜப்பானில் இனி அவள் பீர் குடிக்கலாம்.
இங்கே பரிமாறுகிறவன் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றினான்.
கைகளைக் குழந்தைபோல் முழங்கையில் ஏந்திக்கொண்டு
என்னிடம் வந்தாள்.
எட்டு வயதிலிருந்து இந்த ஊர்;
ஆட்டோக்காரர்களோடு கன்னடத்தில் சண்டை போடுவாள்.
'உங்களுக்கு எப்போது நடந்தது?'
'பதின்மூன்றில்.'
'அப்போதே ஓட்டு உண்டா?'
'இல்லை. பதினாறு நாள்
பள்ளிக்கூடம்கூடக் கிடையாது.'
அவள் அதை ஏதோ சலுகை என்று நினைத்து
'லக்கி' என்றாள்.
நான் திருத்தவில்லை.

மூச்சு விட முடியவில்லை என்று
நால்வரும் அவிழ்த்தோம், ஆறு மணிக்கு.
கயிறுகள் உதிர்ந்தன. துண்டுகள் விழுந்தன,
வேர்வையில் கனத்து.
துணி எடுக்க வந்த பையன்
இரண்டு முறை எண்ணிவிட்டு
'ஒந்து கம்மி' என்றான்.
கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினோம்.

மாரத்தஹள்ளி பாலத்தில் டாக்சி ஊர்ந்தபோதுதான்
நான் ஏன் இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்
என்று யோசித்தேன்.
குர்த்தாவுக்குள் கை விட்டால்
இடுப்பைச் சுற்றி, இன்னும் ஈரமாய்,
ஓட்டல் பெயர் தைத்த நீல ஓரம்.

'திரும்பணுமா மேடம்?'
வேண்டாம், போங்க.